புழுவுக்கு மெத்தை ரெடியா?

"அம்மா, பால்கனியில நான் புழு வளர்க்கப் போறேன்!" என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பாட்டி காதைப் பொத்திக்கொள்வார். "ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும் மீன் தொட்டிதானே வைக்குது, உனக்கு மட்டும் ஏன்டா இப்படி?" என்பார் அம்மா. கீழ் வீட்டு அங்கிள்தான் அசோசியேஷன் செகரெட்டரி என்றால் இன்னும் விசேஷம். "நாத்தம் வராதே தம்பி?" என்று லிஃப்ட் வாசலிலேயே மடக்கிவிடுவார்.

அங்கிளைக் குறை சொல்ல முடியாது. ஆழ்வார்பேட்டை மாதிரி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் நம் வீட்டில் கேட்கிற ஏரியாவில், மண்புழுத் தொட்டி ஒருநாள் நாறினாலும் கதை முடிந்தது. இரண்டாவது சான்ஸ் கிடையாது. தொட்டி மூட்டை கட்டப்படும். காய்கறித் தோலும் வாழைப்பழத் தோலும் பழையபடி குப்பை வண்டியில் ஏறும். தேனாம்பேட்டை மண்டலத்துக் குப்பை பல வருஷமாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி எழும்பிய குப்பை மலை! 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததைத் தென்சென்னை மூக்குகள் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. அதே வருஷம்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சர் அந்தஸ்தும் கிடைத்தது. ஒரு பக்கம் உலகப் பெருமை, மறுபக்கம் நம்ம வீட்டு வெண்டைக்காய்க் காம்பு!

ஆக, நாறாத தொட்டி வேண்டும். அதற்கு என்ன வழி? புதுசாக ஆரம்பிக்கிற பலரும் காசைக் கொட்டுவது இரண்டு விஷயத்தில். ஒன்று, அழகான தொட்டி. இரண்டு, கிலோ கணக்கில் புழு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மேட்டர் இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதுதான் படுக்கை. செல்லமாகச் சொன்னால், புழுவின் மெத்தை.

மெத்தை இல்லாட்டி என்ன ஆகும்?

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அந்தத் தோல் ஈரமாக இருந்தால்தான் காற்று உள்ளே இறங்கும். காய்ந்தால் மூச்சு முட்டும். தண்ணீரில் ஊறிக் காற்றோட்டம் நின்றாலும் அதே கதி. ஆக, புழு குடியிருக்கிற இடம் எப்போதும் ஈரமாகவும் இருக்க வேண்டும், நடுநடுவே காற்றுக்கு இடைவெளியும் வேண்டும். சமையலறைக் கழிவை மட்டும் கொட்டினால் இது நடக்காது. தக்காளியும் பூசணியும் ஒரே நாளில் கூழாகி, காற்றுப் போகிற சந்தையெல்லாம் அடைத்துவிடும். அப்புறம் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கச்சேரியைத் தொடங்கும். அந்தக் கச்சேரியின் வாசனைதான் செகரெட்டரி அங்கிளைக் கூட்டிவருவது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், கார்பன் கம்மி. தோராயமாக, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 15 முதல் 25 பங்கு வரை கார்பன். மட்குவதற்கு வாகான கணக்கு 25-லிருந்து 30. குறைகிற கார்பனை யாராவது கொடுக்காவிட்டால், மிஞ்சுகிற நைட்ரஜன் அம்மோனியாவாகக் கிளம்பும். புழுவுக்கு அது விஷம், நமக்கு நாற்றம். காய்ந்த இலையில் கார்பன் ஐம்பது பங்கு அளவில் இருக்கும். செய்தித்தாளில் நூற்றைம்பதைத் தாண்டும். அட்டைப்பெட்டியில் அதைப்போல் இரண்டு மடங்கு. மெத்தை என்பது வெறும் மெத்தை இல்லை பாஸ், அது பாதிச் சாப்பாடும்கூட. ரெண்டு மூணு மாதத்தில் புழு தன் மெத்தையையே தின்று தீர்த்திருக்கும்!

இந்த விஷயத்தில் மண்புழு நம்மைவிட உஷார் என்று முதலில் எழுதிவைத்தவர் சார்லஸ் டார்வின். பரிணாமம் பேசிய அதே தாத்தாதான். 1881-ல், சாவதற்கு முந்தின வருஷம், அவர் வெளியிட்ட கடைசிப் புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. இலைகளை இழுத்துப்போய்த் தன் வளையின் வாயை அடைத்துக்கொள்ளும் புழு, இலையின் எந்தப் பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது என்று மனுஷன் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் போட்டும் பார்த்தார். பெரும்பாலும் கூர்முனையைப் பிடித்துத்தான் இழுத்தன. அப்படி இழுத்தால்தான் சுலபமாக உள்ளே போகும். புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, மகனைப் பஸ்ஸூன் குழல் ஊதச் சொல்லியிருக்கிறார். ம்ஹூம், அசையவே இல்லை. ஆனால், பானையைப் பியானோ மேலே வைத்து வாசித்தபோது அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடிவிட்டன. (மியூசிக் அகாடமிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும் உங்கள் புழுவுக்கு டிசம்பர் சீஸன் தெரியப்போவதில்லை!)

நம்ம ஊர் ஆட்களும் சும்மா இல்லை. டார்வின் புத்தகம் வந்து சரியாகப் பத்து வருஷத்தில், 1891-ல், 'மனோன்மணீயம்' நாடகத்தில் ஒரு பாத்திரத்தை 'நாங்கூழ்ப் புழு'வைப் பார்த்து வியந்து பேசவைத்தார் பெ. சுந்தரம் பிள்ளை. நாங்கூழ் என்றால் மண்புழு. ஸ்கூல் பிரேயரில் நாம் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்தும் அதே நாடகத்திலிருந்து வந்ததுதான்.

ராயப்பேட்டை ஃபார்முலா

ஆழ்வார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில், ராயப்பேட்டை பீட்டர்ஸ் ரோட்டில் இருக்கிறது நியூ காலேஜ். மண்புழு என்றாலே தமிழ்நாட்டில் முதலில் சொல்லப்படும் பேர்களில் ஒன்று, அங்கே பல வருஷம் பாடம் எடுத்த பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில். 2021-ல் தமிழக அரசு அமைத்த மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டவர். வெளிநாட்டுப் புழுவைக் காசு கொடுத்து வாங்குவதைவிட, உள்ளூர் மண்ணில் இருக்கிற புழுவையே பிடித்துக் குடிவைக்கலாம் என்பது இவர் கட்சி.

எப்படிப் பிடிப்பது? செம ஐடியா! குருணை குருணையாகப் புழு எச்சம் தெரிகிற ஈர நிலமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ வெல்லம், அரைக் கிலோ பச்சைச் சாணம், இரண்டையும் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு சதுர மீட்டரில் தெளியுங்கள். மேலே வைக்கோல், அதற்கு மேல் பழைய கோணி. 20 முதல் 30 நாள் வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், விருந்து வாசனை பிடித்து உள்ளூர்ப் புழுக்கள் அங்கே கூடிவிடும். அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். காலேஜ் கிரவுண்ட் ஓரத்தில் இதைச் செய்ய முடியும். பி.டி. மாஸ்டரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து படுக்கை. அடியில் உடைந்த செங்கல்லோ கூழாங்கல்லோ, அதன்மேல் பெருமணல். இரண்டும் சேர்ந்து ஆறேழு சென்டிமீட்டர். தண்ணீர் வடிவதற்கு இது. அதற்கு மேல் 15 சென்டிமீட்டருக்கு ஈரமான வண்டல் மண். அதில் புழுக்களை விட்டு, மேலே சாண உருண்டைகளைப் பரவலாக வைத்து, வைக்கோலோ சருகோ போட்டு மூட வேண்டும். முதல் ஒரு மாதம் வேறு எதுவும் போடக் கூடாது, தண்ணீர் தெளித்தால் போதும். அதற்குப் பிறகுதான் சமையலறைக் கழிவு.

'எதுக்கு இவ்வளவு மண்ணு?' என்று தோன்றுகிறதா? காரணம் இருக்கிறது. நம்ம ஊரில் சகஜமாகக் கிடைக்கும் லாம்பிட்டோ மௌரிட்டி, மேலும் கீழுமாக வளை தோண்டி வாழும் ஜாதி. அதற்கு மண் இல்லாமல் முடியாது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்கிற இன்னொரு உள்ளூர்க்காரர் மேலே சருகுக் குப்பையில் குடியிருப்பவர். ஒரே தொட்டியில் மாடி வீடும் கீழ் வீடும்! கடையில் கிலோ கணக்கில் விற்கும் ஐரோப்பிய ஐசீனியா ஃபெட்டிடாவும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியேவும் மேல்தட்டுக் குப்பைப் புழுக்கள். அவற்றுக்கு மண் அடுக்கு தேவையில்லை, பஞ்சு மாதிரி மெத்தை போதும். யார் குடிவருகிறார்கள் என்று முடிவு பண்ணிவிட்டு மெத்தை வாங்கப் போங்கள். செங்கல், மணல், மண் எல்லாம் சேர்ந்து கனம் அதிகம் என்பதால், தரையில் தோட்டம் இருக்கிற வீட்டுக்கும் காலேஜுக்கும் ராயப்பேட்டை ஃபார்முலா சரி. மூணாவது மாடி பால்கனிக்கு லேசான மெத்தைதான் லாயக்கு.

ஓசியில் கிடைக்கும் மெத்தைகள்

சரி, லேசான மெத்தைக்கு எங்கே போவது? எல்டாம்ஸ் ரோட்டிலிருந்து டி.டி.கே. ரோடு வரை ஒரு நடை போனால் பாதிச் சரக்கு கிடைத்துவிடும்.

முதலில் அட்டைப்பெட்டி. ஆன்லைன் ஷாப்பிங் வந்தபிறகு எந்த வீட்டில் இதற்குப் பஞ்சம்? நடுவில் அலை அலையாக இருக்கிற அட்டை அருமையான மெத்தை. தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அந்த அலைகளுக்குள் காற்றும் நிற்கும். புழுக்கள் அதற்குள் போய் முட்டையே இடும். டேப்பையும் ஸ்டிக்கரையும் உரித்துவிட்டு, உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பளபளவென்று பிளாஸ்டிக் பூசிய அட்டை மட்டும் வேண்டாம்.

செய்தித்தாள் சுமார் ரகம். கறுப்பு மையில் இருப்பது பெரும்பாலும் கரித்தூள் என்பதால் பயமில்லை. ஆனால், தாளாகவே போட்டால் நனைந்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், காற்றுப் போகாது. விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்து, அட்டையோடு கலந்து போட்டால் ஓ.கே. வழுவழுப்பான விளம்பரத் தாள்களை எடைக்குப் போட்டுவிடுங்கள்.

சருகுதான் என்னைக் கேட்டால் சூப்பர் ஸ்டார்! தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது, காசும் கிடையாது. ஆனால், எல்லா இலையும் ஒண்ணு இல்லை. தூங்குமூஞ்சி மரத்தின் இலை பொடிசு, சீக்கிரம் மட்கும். புங்கை இலையும் அப்படித்தான். அபார்ட்மென்ட் வாசலில் சிப்பாய் மாதிரி நிற்கும் நெட்டிலிங்கத்தின் இலை தோல் மாதிரி தடிமன். முறுமுறுவெனக் காயவிட்டு, கோணியில் போட்டு மிதித்து நொறுக்கினால்தான் வழிக்கு வரும். யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம். அதன் எண்ணெய் புழுவுக்கு ஆகாது.

வேப்பிலை? "ஐயோ, கசப்புடா, புழு செத்துடும்" என்று பாட்டி சொல்வார். பேன், பூச்சி எல்லாவற்றையும் விரட்டும் இலையாயிற்றே என்று நமக்கும் தோன்றும். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் எஸ். கஜலட்சுமியும் எஸ்.ஏ. அப்பாசியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. மட்கவைத்த வேப்பிலையைப் புழுக்கள் ஆசை ஆசையாகத் தின்றன. முன்பு மாவிலையை வைத்து அவர்கள் செய்த சோதனையைவிட இதில் வேகமாக வளர்ந்தன, அதிகமாகக் குட்டியும் போட்டன! கவனிக்க வேண்டியது 'மட்கவைத்த' என்கிற வார்த்தையை. பச்சையாக ஒடித்துக் கொண்டுவந்து திணிக்காதீர்கள். நனைத்து மூட்டை கட்டி இரண்டு மூணு வாரம் வைத்துவிட்டுப் போடுங்கள்.

மே மாதம் பழக்கடைப் பக்கம் போனால் மாம்பழக் கூடையில் வந்த வைக்கோல் கிடைக்கும். நகரத்தில் வைக்கோல் பார்ப்பதே அபூர்வம், விடாதீர்கள். கரும்பு ஜூஸ் கடைச் சக்கையில் சர்க்கரை மிச்சம் இருக்கும். உடனே போட்டால் புளித்துச் சூடு கிளம்பும், எறும்பும் படையெடுக்கும். அலசிக் காயவைத்தால் நல்ல மெத்தை. மயிலாப்பூர் கோயில் பூமாலை அழகுதான். ஆனால் பூ மெத்தை இல்லை, சாப்பாடு. ஜிகினாவையும் நைலான் நூலையும் பிரித்துவிட்டுக் கொஞ்சமாகப் போடலாம். ஃபில்டர் காபித் தூளும் இதே கேஸ்தான்.

மரத்தூள் விஷயத்தில் கறாராக இருங்கள். சென்னைத் தச்சுப் பட்டறைகளில் இன்று அறுபடுவது முக்கால்வாசி பிளைவுட். அதில் பசையும் கெமிக்கலும் கலந்திருக்கும். தேக்குத் தூளோ லேசில் மட்காது. ஓசியில் கிடைத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

தென்னை நார்க் கழிவு: நல்லவனா, கெட்டவனா?

கடைக்குப் போனால் முதலில் கையில் திணிக்கப்படுவது இதுதான். கோகோபீட் என்பார்கள். கயிறு திரிக்க நாரை எடுத்தபிறகு உதிர்கிற தூள். ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ரோட்டோரம் மலை மலையாகக் குவிந்துகிடந்த இந்தத் தூள், கட்டியாக அமுக்கப்பட்டுக் கப்பலேறுகிற ஏற்றுமதிச் சரக்காக மாறிவிட்டது. 5 கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். தண்ணீரைப் பிடித்து வைப்பதில் இதை அடிக்க ஆள் இல்லை. சென்னைக் கோடையில் 40 டிகிரி அடிக்கும்போது இது பெரிய வரம்.

ஆனால் இரண்டு வில்லங்கம். ஒன்று உப்பு. தென்னையே உப்பை உறிஞ்சுகிற மரம். மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் மோசம். ஈரத் தோலோடு அலைகிற புழுவுக்கு உப்பு என்றால் எமன். மேலே சொன்ன காற்றோட்டம், ஈரம் எல்லாம் சரியாக இருந்தும், வாங்கிவிட்ட புழு ஒரே ராத்திரியில் தொட்டியை விட்டு ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். வழி சிம்பிள். ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி வடித்து... மூணு தண்ணீர் பார்த்தால் பழுப்புச் சாயம் நன்றாகக் குறையும், உப்பும் இறங்கிவிடும். கடையில் 'லோ ஈ.சி.' என்று போட்டிருந்தால், உப்பு நீக்கியது என்று அர்த்தம்.

இரண்டாவது, இதில் லிக்னின் அதிகம், லேசில் மட்காது. ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கார்பன் நூறு பங்குக்கு மேல். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதை மட்கவைக்கச் சிப்பிக் காளானைத் துணைக்கு அழைக்கும் முறையையே உருவாக்கியது என்றால் எவ்வளவு முரடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். புழு இதில் குடியிருக்கும், ஆனால் வயிறு நிறையாது. அதனால் தனியாகப் போடாமல் பார்ட்னர் சேருங்கள்.

ஃபைனல் மெனு

பழக்கடையில் பழைய பிளாஸ்டிக் கிரேட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குப்பைப் புழு ஆழம் பார்ப்பதில்லை என்பதால் ஒல்லி பக்கெட்டைவிட அகலமான கிரேட் மேல். உள்ளே அப்பாவின் கிழிந்த வேட்டியை விரியுங்கள். அலசிய நார்த்தூள் ஒரு பங்கு, ஊறிய அட்டைத் துண்டுகள் ஒரு பங்கு, நொறுக்கிய சருகு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி தோட்டத்து மண். மண் எதற்கு என்றால், புழுவுக்குப் பல் இல்லை. கோழி மாதிரி அரைப்பை வைத்திருக்கிறது, அரைக்க மணல் துணுக்கு வேண்டும். மக்கிய சாணம் கிடைத்தால் இரண்டு கை. பச்சைச் சாணம் சூடு கிளப்பும். மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த சமயத்துச் சாணமா என்று கேட்டு வாங்குங்கள். அந்த மருந்துக்கு உங்கள் புழு வேறு, மாட்டு வயிற்றுப் புழு வேறு என்று தெரியாது!

எல்லாம் கலந்து ஒரு ஜாண் உயரத்துக்குப் போட்டதும், ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த அட்டை சேருங்கள், சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு நாள் அப்படியே வைத்து, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். சூடு இல்லை என்றால் குடியேற்றம் ஆரம்பம். முதல் இரண்டு ராத்திரி பால்கனி லைட் எரியட்டும். வெளிச்சம் பிடிக்காத புழு, வெளியே தலைநீட்டாமல் மெத்தைக்குள் செட்டில் ஆகிவிடும்.

கழிவை மேலே கொட்டாமல் மெத்தையைக் கிளறி உள்ளே புதைத்து, அதற்குச் சமமான அளவு சருகைப் போட்டு மூடினால் அங்கிள் மூக்குக்கு வேலையே இல்லை. சாம்பார் சாதமும் ஊறுகாயும் தொட்டிக்குள் போகக் கூடாது, மறுபடியும் அதே உப்பு வில்லன். எறும்பு வருகிறதென்றால் மெத்தை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டி தின்பண்ட டப்பாவுக்குச் செய்வது மாதிரி, கிரேட்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

ரெண்டு மூணு மாதத்தில் அட்டை, சருகு எதுவும் அடையாளம் தெரியாமல் எல்லாம் கறுத்துவிடும். புது மெத்தையைப் பாதித் தொட்டியில் போட்டு, கழிவையும் இனி அந்தப் பக்கமே புதைத்து வந்தால், புழுக்கள் தாமாகவே வீடு மாறிவிடும். பழைய பாதியை அள்ளித் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போடுங்கள். அடுத்த மெத்தைக்கான சருகை, மரங்கள் இலை உதிர்க்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் இரண்டு மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. போகிக்கு முதல் நாள் தெருவில் ஒரு ரவுண்டு வந்தால், எரிப்பதற்காக ஒதுக்கிய கோரைப் பாயும் கோணியும் கண்ணில் படும். கேட்டு வாங்கி நனைத்துத் தொட்டிக்குப் போர்த்துங்கள். வெயில் காலத்தில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.